பவளத் தொட்டியில் விளக்கும் வடிகட்டியும்

(பெரிய கடல்நீர்த் தொட்டி அமைப்பது பற்றி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெரிய பவளத் தொட்டி வைக்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த லைட் வாங்கலாம் சார்?" என்பது. அடுத்தது, "ஃபில்டர் என்ன போடலாம்?" இரண்டுமே நியாயமான கேள்விகள். தனித்தனியாகக் கேட்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. விளக்குக்கு ஒரு கடை, வடிகட்டிக்கு ஒரு கடை என்று அலைந்து, இரண்டிலும் விலை உயர்ந்ததாகப் பார்த்து வாங்கிப் போட்டு, சில மாதங்களில் பாறை முழுக்கப் பச்சைப் பாசி மண்டிப்போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் உண்டு. தண்ணீருக்குள் வெளிச்சம் போனால் ஏதாவது ஒன்று வளர்ந்தே தீரும். வளர்வது பவளமா பாசியா என்பதைத் தண்ணீரில் மிச்சம் கிடக்கும் சத்து முடிவு செய்கிறது. விளக்கைக் கூட்டினால் அதற்கு வடிகட்டி பதில் சொல்ல வேண்டும். வடிகட்டியை மாற்றினால் விளக்கின் கணக்கும் மாறும். இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒன்றைப் பற்றித்தான்.

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகப் பெரிய சாட்சி ஒரு பாலைவனத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்கு வடக்கே, 'பயோஸ்பியர் 2' என்ற கண்ணாடிக் கட்டடம். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு அங்கேயே வாழ்ந்தார்கள். உள்ளேயே காடு, வயல், சதுப்புநிலம், கடல். அந்தக் கடலில் ஏறக்குறைய 26 லட்சம் லிட்டர் தண்ணீர். கரீபியன் கடலிலிருந்து கொண்டுவந்த பவளங்களை அதில் வைத்திருந்தார்கள். வேறு விளக்கு எதற்கு, பாலைவனச் சூரியன்தான் இருக்கிறதே என்று நமக்குத் தோன்றும். ஆனால் கண்ணாடியும் அதைத் தாங்கிய இரும்புச் சட்டங்களும் வெளிச்சத்தில் பாதியளவைத் தின்றுவிட்டன. புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டவே இல்லை.

வடிகட்டியாக அங்கே வைத்தது பாசி. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி வகுத்த முறை அது. ஆழமில்லாத தட்டுகளில் வலையை விரித்து, மேலே பலமான விளக்கைப் போட்டு, கடல்நீரை அலை அலையாக வலைமேல் ஓடவிடுவார்கள். வலையில் பாசி புல்போல முளைத்துத் தண்ணீரிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சிக்கொள்ளும். அதை அவ்வப்போது சுரண்டி எடுத்துவிட்டால், சத்தும் அதோடு வெளியே போய்விடும். கேட்க அழகான ஏற்பாடு. ஆனால் அந்தக் கடலில் பாசி தட்டுகளோடு நிற்கவில்லை, பவளத்தின் மேலும் ஏறியது. உள்ளே இருந்தவர்கள் தண்ணீரில் மூழ்கிக் கையாலேயே களை பறிக்க வேண்டியிருந்தது. பின்னர், கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர்களையும் சேர்த்தார்கள்.

இன்னொரு தொல்லை காற்றிலிருந்து வந்தது. மூடிய கட்டடத்துக்குள் மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருந்தன. அது கடல்நீரில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டியது. பவளம் சுண்ணாம்பு எலும்பு கட்டுவதற்கு வேண்டிய கார்பனேட் குறைந்தது. ஈடுகட்டக் கார்பனேட் உப்புகளைக் கொட்ட வேண்டியதாயிற்று. அந்த வேதனை வீண்போகவில்லை. பிற்பாடு கொலம்பியா பல்கலைக்கழகம் அந்த இடத்தை நடத்தியபோது, கிறிஸ் லாங்டன் குழுவினர் அதே கடலில் ஆய்வு செய்தார்கள். தண்ணீரில் கார்பனேட் நிறைவு குறையக் குறைய, பவளப்பாறைச் சமூகம் சுண்ணாம்பு கட்டும் வேகமும் குறைகிறது என்று 2000-இல் அளந்து காட்டினார்கள். உலகக் கடல்கள் அமிலமாவதைப் பற்றி இன்று பேசுவதற்கு அந்தத் தொட்டியும் ஓர் ஆதாரம்.

நம் வீட்டுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஏ.சி. போட்டுச் சன்னல்களை அடைத்த அறையில் நாலு பேர் தூங்கினால், காலையில் கரியமில வாயு எவ்வளவு ஏறியிருக்கும்? அதே காற்றைத்தான் ஸ்கிம்மர் இழுத்துத் தண்ணீரில் கலக்கிறது. பி.எச். 8.2 இருக்க வேண்டிய இடத்தில் 7.8 காட்டுகிறது என்று மருந்து தேடி ஓடுகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைச் சுவரில் துளை போட்டு வெளியே விடுங்கள் என்பதுதான். செலவு ஒரு குழாய்.

இப்போது பவளத்துக்கு வருவோம். பாறை கட்டும் பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் சர்க்கரை செய்து பெரும்பகுதியைப் பவளத்துக்கே கொடுக்கின்றன. பவளத்தின் கழிவிலுள்ள நைட்ரஜன் பாசிக்கு உரமாகிறது. ஆகவே பவளத்துக்கு வெளிச்சம் என்பது சாப்பாடு. இந்தப் பாசிகள் விரும்பி எடுப்பது நீல ஒளி, ஏறக்குறைய 420 முதல் 490 நானோமீட்டர் வரை. தெளிந்த கடலில் சிவப்பு சில மீட்டருக்குள் மடிந்துவிடும், நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும். அதனால்தான் பவள விளக்குகள் எல்லாம் நீலமாக இருக்கின்றன. கடைக்காரர் வாட் கணக்கு சொல்வார், கெல்வின் கணக்கு சொல்வார். கேட்க வேண்டியது பார் கணக்கு: ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்ற அளவு. வெப்ப மண்டலத்தில் உச்சி வேளையில் கடல்மேல் விழுவது ஏறக்குறைய 2000. தொட்டியில் அவ்வளவு வேண்டாம். மென்பவளத்துக்கு 100 போதும். கிளை பரப்பும் அக்ரோபோராவுக்கு 250 முதல் 400 வரை.

ஒரு தொட்டியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 5 மீட்டர், அகலம் இரண்டரை மீட்டர், ஆழம் 1.6 மீட்டர். இருபதாயிரம் லிட்டர். தண்ணீர் மட்டுமே இருபதரை டன். தரை தாங்குமா என்று கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். மேற்பரப்பு 12.5 சதுர மீட்டர். ஒளி கீழே போகப் போகக் குறையும் என்பதால், அங்கே சராசரியாக 600 பார் வேண்டும் என்றால், வினாடிக்கு 7500 மைக்ரோமோல். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு இரண்டுக்குச் சற்று மேல் தரும் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய மூன்றரை கிலோவாட் விளக்கு. நாளுக்கு ஒன்பது மணி நேரம் எரிந்தால் முப்பது யூனிட்டைத் தாண்டும். விளக்கு வாங்கும் பணத்தைவிட மின்கட்டணம்தான் மனிதரை அசைக்கும்.

ஆழத்தைக் கூட்டக் கூட்ட இந்தக் கணக்கு கடுமையாகும். சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் ஸ்டைன்ஹார்ட் காட்சியகத்தில் 2008-இல் திறந்த பிலிப்பைன் பவளப்பாறைத் தொட்டி 25 அடி ஆழம், எட்டு லட்சம் லிட்டர். அதைப் பார்த்துவிட்டு நாமும் ஆழமாகக் கட்டலாம் என்று கிளம்பாதீர்கள். வீட்டிலோ ஓட்டல் முகப்பிலோ வைப்பதற்கு, ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவதே புத்தி. அகலம் கூடினால் காற்றும் தண்ணீரும் கலக்கும் பரப்பு கூடும், ஆழம் குறைந்தால் வெளிச்சமும் அடிவரை போகும், தொட்டியைத் துடைக்கக் கையும் எட்டும்.

மெட்டல் ஹாலைடா, டி5 குழல்விளக்கா, எல்.இ.டி.யா என்ற சண்டையில் எனக்கு அதிக ஆர்வம் இல்லை. 1980-களில் ஜெர்மானியர்கள் மெட்டல் ஹாலைடைத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்ட பிறகுதான் கடினப் பவளம் வீட்டில் பரவலாக வளரத் தொடங்கியது. அந்தப் பெருமை அதற்கு உண்டு. பவளத்தைச் சுற்றி ஒரே சீராக ஒளி பரப்புவதில் குழல்விளக்கு நல்லது. எல்.இ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்தும், நிறத்தையும் நேரத்தையும் சொன்னபடி கேட்கும். ஆனால் குறுகலான புள்ளியிலிருந்து அடிப்பதால் கிளைகளின் அடிப்பக்கம் நிழலில் வெளிறிப்போகும். அதற்குப் பல விளக்குகளைப் பரவலாக, சற்று உயரத்தில் மாட்ட வேண்டும். இன்று புதிதாகக் கட்டுகிறவருக்கு என் பரிந்துரை எல்.இ.டி.தான். காரணம் சூடு. இருபதாயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 23 யூனிட் வெப்பம் போதும். சென்னையின் மே மாதத்தில், தண்ணீர் ஏற்கெனவே 30 டிகிரியைத் தொட்டு நிற்கும்போது, மெட்டல் ஹாலைடின் சூட்டையும் சேர்த்து, நீரைக் குளிர்விக்கும் சில்லர் இறைக்க வேண்டுமா? மின்விசிறி வைத்து ஆவியாக்கினால் லிட்டருக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் வெளியேறும். கடலோர ஊரின் புழுக்கத்தில் அந்த வழியும் பாதிதான் பலிக்கும்.

வெளிச்சம் சாப்பாடு மட்டுமல்ல, பவளத்துக்குப் பஞ்சாங்கமும் அதுவே. லண்டனில் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் ஜேமி கிராக்ஸும் அவருடைய குழுவும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பவளம் பிறந்த கடலின் ஆண்டு முழுவதுமான நீர்வெப்பம், பகலின் நீளம், நிலவின் வளர்பிறை தேய்பிறை ஆகியவற்றைக் கணினி வழியாக அப்படியே நடத்தி, மூடிய தொட்டிக்குள் பவளங்களை முட்டையிட வைத்தார்கள். அந்தச் செய்முறை 2017-இல் வெளியானது. ஃப்ளோரிடா காட்சியகம் அவர்களோடு சேர்ந்து, அழிவின் விளிம்பிலிருந்த அட்லாண்டிக் தூண்பவளத்தை 2019-இல் தொட்டிச் சூழலில் முட்டையிட வைத்தது. இரவில் நீல விளக்கை அழகுக்காக விடிய விடிய எரிய விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பவளத்துக்கு இருட்டும் தேவை.

சரி, வடிகட்டி. இங்கேதான் நின்று பேச வேண்டும். அதே இருபதாயிரம் லிட்டர் தொட்டியில் நாளுக்கு 100 கிராம் உலர் தீனி போடுகிறீர்கள் என்று வைப்போம். அதில் 45 சதவீதம் புரதம். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 7.2 கிராம் நைட்ரஜன். மீன் தின்று கழித்து, பாக்டீரியா அதை அம்மோனியாவிலிருந்து நைட்ரைட்டாக, நைட்ரைட்டிலிருந்து நைட்ரேட்டாக மாற்றி முடித்தால் 32 கிராம் நைட்ரேட். லிட்டருக்கு 1.6 மில்லிகிராம். இது ஒரு நாள் வரவு. எதுவும் வெளியே போகாவிட்டால் மாதத்தில் 48. பவளத் தொட்டிக்கு 2 முதல் 10 வரை வசதியான எல்லை. மாதம் பத்து சதவீதத் தண்ணீரை மாற்றினால் போகுமா? இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் போகும். அதற்கே 2000 லிட்டர் ஆர்.ஓ. நீரும் 70 கிலோ உப்பும் வேண்டும். பெரிய தொட்டியில் தண்ணீர் மாற்றியே சமாளிப்பேன் என்பவர் உப்புக் கடைக்காரருக்கு உழைக்கிறார்.

ஆகவே சத்தை வேறு வழிகளில் வெளியேற்ற வேண்டும். முதல் வழி ஸ்கிம்மர். உயரமான குழாயில் மிக நுண்ணிய குமிழிகளைக் கடல்நீரோடு கலக்கிறார்கள். புரதமும் கொழுப்பும் குமிழியின் தோலில் ஒட்டி நுரையாக மேலே ஏறி, மேல் கிண்ணத்தில் வழிந்து தங்கும். அந்தக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். டிக்காஷன் நிறத்தில் கெட்டியான நீர், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். அந்த நாற்றம் அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே தொட்டியை விட்டுப் போயிற்று என்று அர்த்தம். வேறு பல வடிகட்டிகள் கழிவை உருமாற்றும், இது வெளியே தள்ளும். கிண்ணத்தின் கழுத்தை வாரம் இரண்டு முறையாவது துடையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது.

இரண்டாம் வழி ஆக்சிஜன் குறைந்த இடங்களை உண்டாக்குவது. பாறையின் உட்துளைகளிலும் மணலின் ஆழத்திலும் வாழும் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜன் வாயுவைக் காற்றில் விட்டுவிடும். மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தில் 1980-களின் இறுதியில் ஜான் ஜோபேர் செய்து காட்டியது இதுதான். தொட்டியின் அடியில் துளைத்தட்டு, அதன் கீழே சில சென்டிமீட்டர் வெறும் நீர், மேலே பவளச் சுண்ணாம்பு மணல். மணல் வழியாக நைட்ரேட் மெல்லக் கசிந்து இறங்கி அழியும். மணலும் கொஞ்சம் கரைந்து கால்சியத்தைக் கொடுக்கும். நாற்பதாயிரம் லிட்டர் தொட்டி, ஸ்கிம்மரே இல்லை. அதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மீன் குறைவாக இருந்தால்தான் அது நிற்கும். நம்மவர்களுக்குத் தொட்டி என்றால் மீன் கூட்டம் வேண்டும். அப்படியானால் மணலை மட்டும் நம்பாதீர்கள்.

மூன்றாவது, ஏடியின் பாசி வழி. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987-இல் திறந்த பவளத் தொட்டி 25 லட்சம் லிட்டர், மேலே திறந்த வானம், நேரடிச் சூரியன். அங்கும் தொடக்கத்தில் பாசித் தட்டுகள்தாம். பாசியை மட்டும் வைத்து வடிகட்டினால் ஒரு சங்கடம் உண்டு. பாசி கசியவிடும் கரிமப் பொருட்களால் தண்ணீர் மஞ்சள் பூக்கும். மஞ்சள் நீர் எதைத் தின்னும்? நீல ஒளியை. பவளத்துக்கு வேண்டிய அதே ஒளியை. இங்கே விளக்கையும் வடிகட்டியையும் பிரித்துப் பேச முடியுமா? ஒரு பை கரித்துகளை மாதாமாதம் மாற்றினால் மஞ்சள் போகும், இன்னொரு விளக்கு புதிதாக வாங்கியதற்குச் சமம். ஆனால் புதுக் கரியைப் போட்ட அன்று ஒளியைச் சற்றுக் குறையுங்கள். தெளிந்த நீரில் திடீரென்று கூடிய வெளிச்சம் பவளத்தை வெளுக்க வைக்கும்.

சிறிய அளவில் பாசி வழியை நான் ஆதரிக்கிறேன். மேல் தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டியான சம்பில் ஒரு பகுதியைத் தடுத்துக் கீட்டோமார்பா என்ற பாசியைப் போட்டு, மேல் தொட்டி இருட்டாக இருக்கும் இரவில் அதற்கு விளக்கு எரியுங்கள். இரவில் ஏறும் கரியமில வாயுவை அது எடுத்துக்கொள்ளும், பி.எச். விழாது. இந்த வடிகட்டிக்குத் தீனியே விளக்குதான்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடுக்கிவிட்டுத் தண்ணீரைச் சுத்த சூனியமாக்கும் ஒரு கூட்டமும் உண்டு. நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று சோதனைக் குப்பியைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். மேலே விளக்கு முழு வீச்சில். பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கு உரம் இல்லை, வெளிச்சம் மட்டும் உண்டு. பவளம் நிறம் வெளிறிப் பட்டினியில் சாகும். காலியான இடத்தில் பழுப்பு நிறச் சளிபோல டைனோஃபிளாஜெல்லேட் படரும். அதை விரட்டுவது பச்சைப் பாசியை விரட்டுவதைவிடக் கடினம். பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருக்கட்டும். அதே அளவில் கால்சியம் 420, மெக்னீசியம் 1300, காரத்தன்மை ஜெர்மன் அளவில் 7 முதல் 9. விளக்கைக் கூட்டினால் பவளம் வேகமாக எலும்பு கட்டும், அப்போது முதலில் இறங்குவது காரத்தன்மை. வாரம் ஒருமுறையாவது அளந்து பாருங்கள்.

குழாய் வேலையில் இரண்டு சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போனால் மேல் தொட்டியின் நீர்மட்டம் வழிவாய் விளிம்பு வரை இறங்கிச் சம்புக்கு வரும். நம் தொட்டியில் 2 செ.மீ. இறங்கினாலே 250 லிட்டர். சம்பில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடத்தில் கடல். வடிகுழாய்க்கு மூன்று வாய் வையுங்கள்: முழுக்க நீர் நிரம்பி ஓசையின்றி இறங்கும் ஒன்று, சிறிதளவு மட்டும் வழியும் ஒன்று, முதலிரண்டும் அடைத்தால் காப்பாற்ற வறண்டே கிடக்கும் ஒன்று. செம்பு, பித்தளை எதுவும் தண்ணீரில் படக்கூடாது. முதுகெலும்பற்ற உயிர்களுக்குச் செம்பு நஞ்சு. இன்வெர்ட்டரை விளக்குக்குக் கொடுக்காதீர்கள், நீரோட்ட பம்புக்குக் கொடுங்கள். பவளம் ஒரு நாள் இருட்டைத் தாங்கும். ஓட்டம் நின்று ஆக்சிஜன் இறங்கினால் சில மணி நேரத்தில் மீன் மிதக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜகார்த்தாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தும் முறையை 1961-இல் எழுதினார். உலகமே அந்த வழியில் பாறையை அள்ளியது. நமக்கு அந்த வழி இல்லை, இருக்கவும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததில் கடலில் மூழ்கிப்போயின. இந்தியக் கடலின் பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையிலோ வேறெங்கோ யாராவது "ராமேஸ்வரம் பாறை சார், உயிரோட இருக்கு" என்று வாளியைத் திறந்து காட்டினால் வாங்காதீர்கள். சுட்ட மண்ணில் செய்த செயற்கைப் பாறை கிடைக்கிறது. பாக்டீரியாக் குப்பி ஒன்றை ஊற்றி இரண்டு மாதம் பொறுத்திருந்தால், வடிகட்டும் வேலையை அதுவே செய்யும்.